புளூட்டோவுக்கு அங்கிட்டு

மிதிச்சிராதீங்கக்கா, காலுக்குக் கீழ புளூட்டோ இருக்கு.

அந்த மஞ்சப் பைதான். கொஞ்சம் சன்னல் பக்கம் நகந்து உக்காந்தீங்கன்னா அதை நடுவுல வச்சிருவேன். பயப்படாதீங்க, கிரகம்தான். பிளாஸ்டிக் பந்துல நான் செஞ்சது. பெரிய பந்து புளூட்டோ, சின்னப் பந்து அதோட நிலா. நிலாவுக்குப் பேரு சாரோன். மேல துண்டு போட்டு மூடி வச்சிருக்கேன், எம் மக கண்ணுல படக்கூடாதுன்னு. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டுல ரெட்டைச் சடை தெரியுதா? அவதான். பவதாரணி. ஏழாப்பு. நீங்க ஏறுறதுக்கு முன்னாடி எம் பக்கத்துல இந்த இடம் சும்மாதான் கெடந்துச்சு. அங்க போய் உக்காந்திருக்கா. கோவமாம். நேத்து மத்தியானத்துல இருந்து எங்கூடப் பேசல. நானும் பேசலையே! பேசலன்னா, ஒரு நாலஞ்சு தடவை பேசிப் பார்த்தேன். அம்புட்டுத்தான்.

வாய்க்கால்பாலம் ஸ்டாப்புல இறங்கணும். அங்க பொம்பளைப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சி நடக்குது. நேத்து ஒரு நாள், இன்னைக்கு ஒரு நாள். இன்னைக்குப் பத்து மணிக்கு நடுவருக்கு முன்னாடி செஞ்சு காட்டித் தேறுனா மாவட்டத்துக்குப் போகலாம். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல இருந்து இதுவரைக்கும் ஒரு பிள்ளையும் போனதில்ல. எம் மகதான் போகணும். நேத்தே தேறியிருப்பா, அந்த நடுவர் மட்டும் மனுசனா இருந்திருந்தா.

முதல்ல அந்த ஜெசிந்தா டீச்சரைச் சொல்லணும். சயின்ஸ் டீச்சர். தலைப்பையெல்லாம் சீட்டு எழுதிப் போட்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க. மத்த பிள்ளைகளுக்கு மழைநீர், காத்தாடி, மின்சாரம்னு லட்டு மாதிரி விழுந்திருக்கு. எம் மகளுக்கு என்ன விழுந்துச்சு தெரியுமா? 'குறுங்கோள்களும் அவற்றின் நிலாக்களும் சுழலும் விதம்'. படிக்கும்போதே தலை சுத்துதா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கோளே கண்ணுக்குத் தெரியாத தூரம். அதுல குள்ளமான கோளு. அதுக்கு ஒரு நிலா. அது எப்படிச் சுத்துனா யாருக்கு என்ன? ரேசன் கடையில கூட்டம் குறையப் போகுதா?

அந்தப் புளூட்டோவால நான் பட்ட அடி எனக்குத்தான் தெரியும். ஆறாப்புல, கோள் எத்தனைன்னு கேட்டப்ப எட்டுன்னு சொல்லிட்டேன். ஒண்ணை விட்டுட்டேன்னு அடி. அப்புறம் எங்கயோ வெளிநாட்டுல கூட்டம் போட்டு, புளூட்டோவை இனிமே கோளாச் சேர்க்க வேண்டாம், அது குறுங்கோள்னு முடிவு பண்ணிட்டாங்களாம். எனக்கு யாரு வந்து சொன்னா? எட்டாப்புல ஒன்பதுன்னு சத்தமாச் சொன்னேன். அதுக்கும் அடி. அதே வாத்தியார், அதே பிரம்பு. நானா கையெழுத்துப் போட்டு அதைக் கோளுல இருந்து எடுத்தேன்? இல்ல நான் போய்ச் சேர்த்தேனா?

சரி, சீட்டு விழுந்திருச்சு, செய்யணும்ல. எம் மக பள்ளிக்கூடத்துப் புத்தகம், டீச்சரோட செல்போன் எல்லாத்துலயும் ஒரு வாரம் தேடிட்டு வந்து நிக்கிறா. அவ பேசுறதே அபூர்வம். ஒண்ணு கேட்டா, உலை கொதிக்கிற நேரம் வரைக்கும் மேல கூரை மோட்டைப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவா. அன்னைக்கு அவளா வந்து ஆரம்பிச்சா.

"அம்மா, ஹௌமியான்னு ஒரு குறுங்கோள் இருக்கும்மா."

"என்னது?"

"ஹௌமியா. அது நாலு மணி நேரத்துல தன்னைத்தானே ஒரு சுத்து சுத்திரும். அங்க ஒரு நாள்ங்கிறது அம்புட்டுத்தான். அந்த வேகத்துல உருண்டையா நிக்க முடியாம முட்டை மாதிரி நீண்டு போச்சு."

"நாலு மணி நேரத்துல ஒரு நாளா? அதுல மூணு வேளை சோறு எப்படி ஆக்குறது?"

சிரிப்பான்னு பார்த்தேன். சிரிக்கல. "அதுக்கு ரெண்டு நிலாம்மா. பெரிய நிலா பேரு ஹியாக்கா. ஹவாய்த் தீவுக் கதையில ஹௌமியா அம்மா, ஹியாக்கா மக. மத்த நிலா நிறைய, கோளுக்கு ஒரே பக்கத்தைத்தான் காட்டும். நம்ம நிலாவும் அப்படித்தான். ஆனா ஹியாக்கா அப்படி இல்ல. அம்மாவைச் சுத்தி வர நாப்பத்தொம்பது நாள் எடுத்துக்கும். தன்னைத்தானே பத்து மணி நேரத்துக்குள்ள சுத்திரும்."

அப்புறமும் என்னமோ சொல்ல வாயெடுத்தா. நான் விடுவேனா? "நல்ல மக! பெத்தவளை ஒரு பார்வை பார்க்க நேரம் இல்லாத மக! இதைத்தான் ஊரக் கூட்டிக் காட்டப் போறியா? பேரைச் சொல்லவே வாய்க்குள்ள வெந்நி ஊத்துன மாதிரி இருக்கு. புளூட்டோ செய்வோம்டி. எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு"ன்னேன்.

ஒண்ணும் சொல்லல. சரின்னு அர்த்தம்.

புளூட்டோவும் சாரோனும் எப்படிச் சுத்துதுன்னு நான் சொல்லட்டுமா? நீங்க எட்டாப்பா, பத்தாப்பா? எதுவானாலும் புரியும். சின்னப் பிள்ளையில ரெண்டு பேரு கையைக் கோத்துக்கிட்டுத் தட்டாமாலை சுத்தியிருக்கோம்ல. எதுத்தாப்புல இருக்கிறவ மூஞ்சி மட்டும் நிலையா நிக்கும், மத்த ஊரு உலகமெல்லாம் ஓடும். அதேதான். புளூட்டோ மூஞ்சியைச் சாரோன் பார்க்கும், சாரோன் மூஞ்சியைப் புளூட்டோ பார்க்கும். ஒரு சுத்து முடிய ஆறு நாள், ஒன்பது மணி நேரம். ஒரு பொழுதும் ஒண்ணுக்கொண்ணு முதுகைக் காட்டாது. குடும்பம்னா அப்படியில்ல இருக்கணும்!

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. புளூட்டோ பெருசு, அதுல எட்டுல ஒரு பங்குதான் சாரோன் எடை. அதனால நிலா மட்டும் கோளைச் சுத்துறதில்ல, கோளும் கொஞ்சம் நகந்து குடுத்துச் சுத்துது. ரெண்டுக்கும் நடுவுல, புளூட்டோவுக்கு வெளிய, ஒரு புள்ளி இருக்கு. ரெண்டும் அதைத்தான் சுத்துது. ஜெசிந்தா டீச்சர் இதைப் பலகையில அம்பு அம்பா வரைஞ்சு காட்டுனாங்களாம், ஒரு பிள்ளைக்கும் புரியலையாம். எப்படிப் புரியும்? நீளக் கம்புல ஒரு பக்கம் பெரிய குடம், ஒரு பக்கம் சின்னச் சொம்பு கட்டித் தூக்குனா, தோளைக் குடத்துப் பக்கம்தான குடுப்போம்? அந்தத் தோள்தான் அந்தப் புள்ளி. ஒத்தை வரியில முடிச்சிட்டேன். அவங்க சம்பளம் வாங்குறாங்க, நான் வாங்கல.

பழைய குடையில இருந்து ஒரு கம்பி உருவுனேன். ரெண்டு முனையிலயும் பந்து. பெரிய பந்துல மணலைப் போட்டு எடையைச் சரி பண்ணுனேன். கம்பியை விரல்ல வச்சுப் பார்த்து, எந்த இடத்துல சாயாம நிக்குதோ அந்த இடத்துல மோர் கடையிற மத்தோட காம்பைச் சேர்த்துக் கட்டுனேன். மத்தை உள்ளங்கையில வச்சு உருட்டுனா, ஆகா! ரெண்டும் மூஞ்சியை மூஞ்சி பார்த்துக்கிட்டு அழகாச் சுத்தும். ரெண்டு நாள் எங்க வீட்டுல மோர் இல்ல. அறிவியலுக்காக.

மக என்ன செஞ்சாளா? என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க, எல்லாம் அவதான் செஞ்சா. கத்தரிக்கோல் எடுத்துக் குடுத்தா. பசை காயிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே நின்னா. வர்ணம் அடிக்கிறேன்னு பிரஷ்ஷைத் தூக்குனா, கோடு தாண்டிருச்சு, அதனால அதை மட்டும் நான் வாங்கிக்கிட்டேன். புளூட்டோவுக்கு இன்னும் நாலு பொடி நிலா இருக்கும்மா, அதெல்லாம் குட்டிக்கரணம் போட்டுக்கிட்டு இஷ்டத்துக்குச் சுத்தும், அதையும் வைப்போம்னா. வச்சுப் பார்த்தேன். நூல்ல தொங்கவிட்டா நாலும் நாலு பக்கம் இழுத்துச் சிக்கலாயிருச்சு. பார்க்க அசிங்கமா இருந்துச்சு. கழட்டிட்டேன்.

நேத்துக் காலையில கொண்டு போனோம். பெத்தவங்க உள்ள வரக்கூடாதுன்னாங்க வாசல்ல. மணல் அடைச்ச பந்தைப் பிள்ளை தூக்குமா? அதனால நான் உள்ள போனேன். தூக்கி வச்சதும் வெளிய வந்திருக்கலாம். ஆனா மத்து சரியா உருளுதான்னு பார்க்கணும்ல.

உள்ள போய்ப் பார்க்கிறேன், திரும்புற பக்கமெல்லாம் எரிமலை! மண்ணைக் குவிச்சு, சோடா மாவைப் போட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விட்டு, பொங்குது பாருங்க பாருங்கன்னு ஒரே கூத்து. எங்க வீட்டுல பால் இதைவிட நல்லாப் பொங்கும். ஒரு பிள்ளை ராக்கெட் வச்சிருந்தா, அதுல கடைக்காரன் ஒட்டுன விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கல. பெத்தவங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் வேண்டாமா? பிள்ளை பேருல நீங்க பரிசு வாங்கணும்னு அலையிறீங்களே! எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரி ஆயிருச்சு.

அந்த நடுவர் வந்தாரு. கழுத்துல ஒரு அட்டை, கையில ஒரு அட்டை. எங்கயோ காலேஜுல பாடம் எடுக்கிறவராம். எரிமலைக்கெல்லாம் தலையை ஆட்டிட்டு எங்க மேசைக்கு வந்ததும் அப்படியே நின்னுட்டாரு. மத்தைத் தானே உருட்டிப் பார்த்தாரு. ரெண்டு தடவை! மூணாவது தடவையும் உருட்டுனாரு. அப்புறம் பவதாரணியைப் பார்த்து, "புளூட்டோவுல ஒரு நாள் எவ்வளவு நேரம்மா?"ன்னு கேட்டாரு.

அவ மோட்டைப் பார்த்தா.

"ஆறு நாள் ஒன்பது மணி நேரம் சார்"னு சொல்லிட்டேன். தெரிஞ்ச பதிலை எதுக்கு ஊறப் போடணும்?

"நீங்க இருங்கம்மா. பாப்பா, புளூட்டோ எந்தப் பக்கமாச் சுத்துது?"

"பூமிக்கு எதிர்ப்பக்கம் சார், அதுவும் படுத்துக்கிட்டு"ன்னேன். பின்னாடி நின்ன ஜெசிந்தா டீச்சர் என் முந்தானையைப் பிடிச்சு இழுக்கிறாங்க. "பாண்டிச்செல்வி, பிள்ளையப் பேச விடுங்க"ன்னு காதுல. நான் என்ன அவ வாயையா பொத்தியிருக்கேன்?

மூணாவதா ஒண்ணு கேட்டாரு. "புளூட்டோவுல சாரோனுக்கு நேரா இருக்கிற பக்கத்துல நின்னா நிலா எப்பவும் தலைக்கு மேலயே நிக்கும். அதுக்கு அந்தப் பக்கம் நின்னா?"

இவ யோசிக்கிறா. அவரு நிக்கிறாரு. எரிமலைப் பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்க்குது. உங்களுக்குத் தெரியாது, இவ நாலு வயசு வரைக்கும் பேசல. ஊர்ல எல்லாரும் ஊமைப் பிள்ளைன்னு முடிவு கட்டிட்டாங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா பாவமாப் பார்ப்பாங்க. தண்ணி வேணும், வயிறு வலிக்குது, பயமா இருக்கு, எல்லாத்தையும் அவ மூஞ்சியைப் பார்த்து நான்தான் சொன்னேன். ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்ல. அப்பப் பழகுனது. அந்தப் பிள்ளை நாலு பேருக்கு நடுவுல பதில் வராம நிக்கிறதைப் பார்த்துக்கிட்டு நிப்பேனா?

"பார்க்கவே முடியாது சார்! அங்கிட்டுப் பிறந்தவனுக்கு நிலான்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. காலம் பூரா இருந்தாலும் தெரியாது. யாராவது வந்து சொன்னாலும் நம்ப மாட்டான்!"

கை தட்டுனாங்கக்கா. சத்தியமா. ராக்கெட் பிள்ளையோட அப்பாகூடத் தட்டுனாரு. நடுவர் மட்டும் தட்டல. குனிஞ்சு இவ கிட்ட, "இது அருமையா இருக்கும்மா. யாரு செஞ்சது?"ன்னு கேட்டாரு.

இதுக்கு மட்டும் யோசிக்கல பாருங்க. "அம்மா"ன்னா.

நேத்து பூரா அவ சொன்ன ஒரே பதில் அதுதான். அதுலயும் நான் முந்தியிருக்கணும்.

அந்த ஆளு அட்டையில ஒரு கோடு போட்டாரு. "இது பிள்ளைகளுக்கான கண்காட்சிம்மா. நாளைக்குப் பத்து மணிக்குப் பாப்பா மட்டும் வரட்டும். அவளே செஞ்சதைக் கொண்டு வந்து அவளே பேசட்டும். நீங்க வாசலுக்கு உள்ள வந்தா அவ செஞ்சதை நான் பார்க்க மாட்டேன்"னுட்டாரு. பொறாமை. பத்தாப்புப் படிச்சவ ஒத்தை மத்துல சொல்லிட்டாளே, நம்ம இத்தனை வருசம் படிச்சு என்ன கிழிச்சோம்னு பொறாமை. வேற என்ன?

இவ கோவத்தை அந்த ஆளு மேலதான காட்டணும்? ஏங்கிட்டக் காட்டுறா. சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. என்ன செய்றான்னு இடுக்குல பார்த்தா, முட்டை அவிக்கிறா! முதல் முட்டை வெடிச்சிருச்சு. நான் அவிச்சுத் தரவாடின்னேன். ரெண்டாவது முட்டையை எடுத்துத் தட்டுல படுக்கப் போட்டு விரலால ஒரு சுண்டு. கிறுகிறுன்னு சுத்துது. அதுதான் அந்த ஹௌமியாவாம். பச்சை முட்டை சுத்தாது, தள்ளாடிரும், அவிச்ச முட்டைதான் சுத்தும்னு அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு தெரியல. அவ தம்பி வச்சிருந்த பம்பரத்தைப் பிடுங்கிச் சாட்டையைச் சுத்தி, தட்டுக்குப் பக்கத்துல விடுறா. அது ஹியாக்கா. முட்டை ஒரு வேகத்துல, பம்பரம் ஒரு வேகத்துல, ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் கட்டும் இல்ல, கம்பியும் இல்ல. முட்டையும் பம்பரமும்! அறிவியல் கண்காட்சியா, சத்துணவுக் கூடமா? ஒரு வர்ணம் உண்டா, ஒரு சரிகைப் பேப்பர் உண்டா? இதைக் கொண்டு போனா சிரிக்க மாட்டாங்களா?

அந்தப் பம்பரம் விடக் கத்துக்க ராத்திரி சோறுகூடத் திங்கல. நாப்பது தடவை விட்டிருப்பா. நான் எண்ணல, சத்தம் கேட்டுச்சு.

அதனாலதான் இதை எடுத்துட்டு வந்தேன். வாசல் வரைக்கும்தான். உள்ள போக மாட்டேன், சொன்ன சொல் சொன்னதுதான். ஆனா அந்த வகுப்போட சன்னல் தெருவைப் பார்த்து இருக்கு, நேத்தே பார்த்து வச்சிட்டேன். முட்டை கிட்டை உடைஞ்சு, இவ முழிச்சுக்கிட்டு நின்னான்னா, சன்னல் வழியா இதை நீட்டிருவேன். கேள்வி எதாச்சும் கேட்டாலும் சன்னல்ல இருந்து உதட்டை அசைச்சாப் போதும், என் உதட்டை அவ படிச்சிருவா. சின்னப் பிள்ளையில இருந்து அதைத்தான பார்த்துக்கிட்டு இருக்கா. ஜெசிந்தா டீச்சர் வாசல்லயே நின்னு கூட்டிட்டுப் போறேன்னுருக்காங்க. அவங்களைச் சமாளிக்கிறதுதான்...

இருங்கக்கா. பஸ்ஸு எங்க போகுது? இந்தப் பெட்ரோல் பங்க் வாய்க்கால்பாலத்துக்கு அங்கிட்டுல்ல இருக்கும்!

எங்க அவ? சீட்டுல வேற யாரோ பெரியவரு உக்காந்திருக்காரு. அண்ணே! கண்டக்டர் அண்ணே! வாய்க்கால்பாலம் தாண்டிருச்சா? ஏன் கூப்பிடல? என்னது? என்ன சொன்னா?

கேட்டீங்களாக்கா? எம் மக சொன்னாளாம். ஏறுனதும் எனக்கும் சேர்த்து அவளே டிக்கெட் வாங்கிக்கிட்டு, 'எங்கம்மா தேனி வரைக்கும் வர்றாங்க, வாய்க்கால்பாலத்துல நான் மட்டும்தான் இறங்குவேன், அவங்க பக்கத்துல உள்ளவங்ககூடப் பேசிக்கிட்டு வருவாங்க, நீங்க கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம்'னு சொன்னாளாம்.

அம்புட்டையுமா? ஒரே மூச்சுலயா? அண்ணே, உண்மையைச் சொல்லுங்க, மோட்டைப் பார்த்தாளா? இல்லையா? உங்க மூஞ்சியைப் பார்த்தா சொன்னா?

ஏங்கிட்ட அவ அத்தனை நீளமா...

அந்தா. அந்தா போறா பாருங்க, பின்னாடி கண்ணாடியில. நீலப் பாவாடை. ரோட்டைத் தாண்டிட்டா. ரெண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்டுறா. ஜெசிந்தா டீச்சர் கை ஆட்டுறாங்க. ஓடுறா. ஏண்டி ஓடுற, முட்டை...

என்னண்ணே? விசில் அடிக்கவா? இங்க இறங்கி நடந்தா அஞ்சு நிமிசம்தானா? மணி இன்னும் பத்து ஆகலைல? போயிரலாம். தாராளமாப் போயிரலாம். இல்ல, அடிச்சிராதீங்க. அடிக்கவும் செய்யலாம்... கையை எடுங்கண்ணே வாயில இருந்து! ஒரு நிமிசம் சும்மா இருக்க விட மாட்டீங்களா மனுசரை?

வேண்டாம். போகட்டும். தேனிக்கே போங்க. அதான் டிக்கெட் வாங்கிட்டாளே, மகாராணி! பெத்தவளுக்கே டிக்கெட் வாங்கி ஊர் தாண்டி விடுறா. எங்க படிச்சா இந்த வித்தையெல்லாம்?

அழல. காத்து.

தேனி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகுமாக்கா? இறங்குனதும் டீச்சருக்குப் போன் போடலாம். இல்ல, அவங்களாப் போடட்டும்.

நீங்க எங்கக்கா போறீங்க? யாரு வீட்டுக்கு? சொல்லுங்க.